ஒளியடக்கி ஐயாவும் ஒரு ஃபியூஸும்

அந்த மாதம் மஞ்சள் விளக்கு எரிந்த கார்கள் எதுவும் மெக்கானிக்கிடம் போகவில்லை. எல்லாம் டயர் கடைக்குப் பின்னால் இருந்த காலி மனைக்குத்தான் போயின. மெக்கானிக் என்றால் பானட்டைத் திறப்பான், கையெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கொள்வான், உதட்டைப் பிதுக்குவான், நாளைக்கு வா என்பான். காலி மனையில் இருந்தவர் பானட்டைத் தொடக்கூட மாட்டார். டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்டு எரியும் அந்தச் சின்ன மஞ்சள் விளக்கை, உட்கார்ந்த இடத்திலேயே அணைத்துவிடுவார். அதனால் அவருக்கு ஒளியடக்கி ஐயா என்று பெயர். பெயரை வைத்தது யார் என்று கேட்டால், தானாக அமைந்தது என்பார். மனை வாசலில் தொங்கும் பலகையை எழுதியவரைக் கேட்டால் வேறு பதில் வரும்.

காலை எட்டு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டி மருந்துக் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மருந்துக் கடைக்காரர் முதல் வாரம் சண்டை போட்டார். வெயிலில் நிற்பவர்களுக்குத் தலைவலி மாத்திரை நன்றாக விற்கவே, இரண்டாவது வாரம் அவரும் ஐயாவின் மகிமையை ஒப்புக்கொண்டார்.

ஐயாவுக்கு வெள்ளை அங்கி. கழுத்தில் பழைய ஸ்பார்க் பிளக்குகளைக் கோத்த மாலை. தாடி இன்னும் முழுதாக வளரவில்லை; தொழிலுக்குப் புதியவர். வண்டிக்காரரை இறங்கச் சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் உட்காருவார். பட்டுத்துணி சுற்றிய தீப்பெட்டி அளவுள்ள ஒரு பொருளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதற்குச் சாந்திப் பெட்டி என்று பெயர். அதை ஸ்டீயரிங்குக்குக் கீழே எங்கேயோ சொருகுவார். பிறகு கருப்பு வெல்வெட் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொள்வார். போர்வைக்குள் நடப்பதைப் பார்த்தால் பார்வை போய்விடும் என்று பலகை எச்சரித்தது. யாருடைய பார்வை என்று எழுதவில்லை.

போர்வைக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் முனகல் கேட்கும். பிறகு வாக்கு வரும்.

"இந்த வண்டிக்குக் காய்ச்சல்."

வண்டிக்காரர் ஆடிப்போவார். போன மாதம்தான் ரேடியேட்டர் சூடேறுகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வண்டி வாயைத் திறந்து சொல்லாததை ஐயா எப்படிக் கண்டுபிடித்தார்? இன்னொரு வண்டிக்கு மூச்சு முட்டும். மற்றொன்றுக்கு நாக்கு ருசி கெட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவரின் கண்ணோ, வயிற்றெரிச்சலோ காரணமாக இருக்கும். வாக்கு முடிந்ததும் ஐயா இன்ஜினை ஸ்டார்ட் செய்வார். மஞ்சள் விளக்கு இருக்காது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். காணிக்கை மனசுப்படி. மனசு குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதும் பலகையில் இருந்தது.

அந்தத் தெருவிலேயே சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார் ஒருவர். அவர் மனைவி கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். ஒன்பது வருடம் வேறொருவரின் பள்ளியில் வேலை பார்த்து, தனக்கென்று ஒரே ஒரு கார் வாங்கி, பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் வைத்துத் தனியாகத் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் காரில் ஒரு திங்கட்கிழமை மஞ்சள் விளக்கு எரிந்தது.

"என்னங்க, வண்டியில இழுவையே இல்ல. பெட்ரோலும் கன்னாபின்னான்னு குடிக்குது. அடுத்த வாரம் ஆறு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருக்கு. யார்கிட்டயாவது காட்டணும்."

"யார்கிட்டயாவது எதுக்கு? நம்ம ஐயாகிட்ட காட்டலாம்."

"எனக்கு விளக்கு அணையணும்னு இல்லங்க. வண்டி ஓடணும்."

"விளக்கு அணைஞ்சா ஓடப்போகுது. நீ ஏன் எதுக்கெடுத்தாலும் குறுக்க பேசுற?"

டீச்சர் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் கணவர் சாவியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில், தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி திரும்பி வந்தார். விளக்கு அணைந்திருந்தது.

"என்ன சொன்னாரு தெரியுமா? வண்டிக்கு மூச்சு முட்டுதாம். தோத்துப்போன ஒருத்தரோட பெருமூச்சு இதுமேல விழுந்திருக்காம். நம்ம ஸ்கூல் வண்டின்னு நான் ஒரு வார்த்தை சொல்லல."

காரின் கூரைமேல் 'டிரைவிங் ஸ்கூல்' என்று ஒரு முழ நீளத்துக்குப் பலகை உண்டு. அதை ஐயா ஞானக்கண்ணால்தான் படித்திருக்க வேண்டும்.

தோற்றுப்போனவர் யார் என்பதில் கணவருக்குச் சந்தேகமே இல்லை. டீச்சரிடம் ஒரு மாணவர் இருந்தார். வயது நாற்பது. தொழில், கார் எலக்ட்ரீஷியன். எல்லோரும் அவரை ஒயர் என்றே கூப்பிடுவார்கள். ஊரில் உள்ள கார்களின் நரம்பு மொத்தமும் அவருக்கு அத்துப்படி. கிளட்சை மட்டும் மெதுவாக விட வராது. டெஸ்டில் மூன்று முறை தோற்றிருந்தார்.

"அந்த ஆள்தான். மூணு தடவை ஃபெயில். எவ்வளவு பெருமூச்சு விட்டிருப்பான்? நாளையிலேர்ந்து அவனை ஏத்தாத."

"அவர் பெருமூச்சு விட்டுப் பார்த்ததே இல்லைங்க. நான்தான் விடுவேன்," என்றார் டீச்சர்.

மூன்றாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. எரிந்ததோடு நிற்கவில்லை. அன்று வண்டியை ஓட்டியவர் ஒரு நர்ஸ். ஊசி போடுவதில் நடுங்காத கை, ஸ்டீயரிங்கைப் பிடித்தால் நடுங்கும். பத்து நாளாகத்தான் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. நாற்சந்தியில் வலது பக்கம் திரும்பும்போது கார் இரண்டு முறை குலுங்கி, நடுரோட்டில் நின்றுவிட்டது. வலது பக்கத்திலிருந்து லாரி. லாரிக்காரர் பிரேக் அடித்தார். அது அவர் நல்ல மனசு. பம்பருக்கும் நர்ஸ் இருந்த கதவுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். டீச்சர் இறங்கி, தனியாகக் காரை ஓரம் தள்ளினார். நர்ஸும் இறங்கினார். ஆனால் தள்ளுவதற்கு இல்லை.

"எனக்கு இது வேண்டாம் டீச்சர். நான் பஸ்லயே போய்க்கிறேன்," என்று சொல்லிவிட்டு நடந்தே போனார். 

அடுத்த நாள் ஐயாவிடம் டீச்சரும் போனார். நம்பிக்கை வந்து அல்ல. கணவர் நச்சரிப்பு தாங்காமல். ஐயா போர்வைக்குள் இந்த முறை அதிக நேரம் முனகினார். வெளியே வந்தபோது முகத்தில் துக்கம் இருந்தது.

"அணைச்சது மறுபடி எரிஞ்சா அர்த்தம் வேற. இந்த வண்டி ஒரு உயிரைக் கேட்குது. நேத்து நடுவழியில நின்னுதா?"

"நின்னுச்சு ஐயா, லாரி..." என்று கணவரே எடுத்துக்கொடுத்தார்.

"பார்த்தியா. பதினொரு நாளைக்குள்ள கைமாத்திடணும். ஆனா கண்டவங்களுக்கு விக்கக் கூடாது. வாங்கினவன் செத்தா பாவம் உங்க தலையில. இதைத் தாங்கற ஜாதகம் ஒருத்தருக்குத்தான் இருக்கு."

அந்த ஒருத்தர் பக்கத்து மனையில் பழைய கார் வாங்கி விற்பவர். ஐயாவின் மனைவியோடு கூடப் பிறந்தவர். சாவு கேட்கும் வண்டிகளை உலக நன்மைக்காகப் பாதி விலைக்கு வாங்கித் தன் தலையில் போட்டுக்கொள்ளும் தியாகி. தியாகம் செய்து செய்து அவருக்குத் தொப்பை விழுந்திருந்தது.

டீச்சர் தயங்கினார். அப்போது வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் வந்தார். சில நாள் முன்னால் தன் வேனை இப்படித்தான் விற்றவர். இப்போது சைக்கிளில் ரொட்டி போடுகிறார். நன்றிக்கடனாகத் தினமும் காலையில் இங்கே சேவை.

"யோசிக்காதீங்கம்மா. நானும் முதல்ல அழுதேன். இன்னைக்கு உயிரோட இருக்கேன் பாருங்க."

உயிரோடு இருக்கும் எவரும் எதற்கும் சாட்சியாகலாம் என்பது அன்றைக்குத்தான் டீச்சருக்குத் தெரிந்தது. "ரெண்டு நாள் டைம் கொடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் கணவர் வண்டிப் பத்திரத்தைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தார். டீச்சர் அன்று சாப்பிடவில்லை. மறுபடி இன்னொருவர் பள்ளியில், இன்னொருவர் காரில், இன்னொருவர் சொல்கிற நேரத்துக்குப் போய் நிற்கும் காட்சிதான் கண்ணுக்குள் இருந்தது.

மறுநாள் காலை ஒயரின் முறை. வண்டி பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டுவதற்குள் குலுங்கி நின்றது.

"கிளட்ச், கிளட்ச். எத்தனை தடவை சொல்றது?" என்று டீச்சர் பழக்கதோஷத்தில் கத்தினார்.

"இந்தத் தடவை நான் இல்ல டீச்சர்," என்றார் ஒயர். வாழ்க்கையில் முதல் முறையாக ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகப் பேசினார். "பானட் திறக்கவா?"

கணவர் சொன்னதெல்லாம் டீச்சருக்கு நினைவு வந்தது. பெருமூச்சு, தோத்தவன், ஏத்தாத. "திறங்க," என்றார்.

ஒயர் தன் பையிலிருந்து தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவியை எடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினார். செல்போனில் ஒரு எண் வந்தது.

"காத்து அளக்கற சென்சார்னு சொல்லுது."

"அப்ப அதை மாத்திடலாமா?"

"அவசரப்படாதீங்க. இந்த நம்பர் தெரு பேரைத்தான் சொல்லும், வீட்டைச் சொல்லாது. குழாய்ல ஓட்டை இருந்தாலும் இதே நம்பர்தான். ஒயர் அறுந்திருந்தாலும் இதே நம்பர்தான்."

இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அந்த சென்சார் அளந்து சொல்லும். அதற்கேற்றபடி பெட்ரோல் விடுவது காரின் மூளைப் பெட்டி. ஒயர் ரப்பர் குழாயை மடித்து, விரித்து, ஒவ்வொரு அங்குலமாகத் தடவினார். ஓட்டை இல்லை. மீட்டரை வைத்து ஒயர்களில் கரண்ட் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. சென்சாரைக் கழற்றி, அதற்கென்று இருக்கும் மருந்தை அடித்துத் துடைத்து மாட்டினார். குலுக்கல் போகவில்லை. கடைசியில் வண்டியை அணைத்து, சென்சாரின் பிளக்கையே பிடுங்கிவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்தார்.

இன்ஜின் குலுங்காமல் சீராக ஓடியது.

"பிடுங்கினா எப்படி நல்லா ஓடும்?" டீச்சருக்குப் புரியவில்லை.

"அளவு தப்பாச் சொல்லிட்டு இருந்துச்சு. மூளையும் நம்பிட்டு இருந்துச்சு. இப்ப சொல்ல ஆள் இல்ல. அதனால மூளை தன் குத்துமதிப்புல ஓட்டுது. இப்படியே விட முடியாது, புதுசு போடணும். சின்ன வேலை." பிறகு போனைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "கிட்டத்துல யாரோ இந்த நம்பரை அழிச்சிருக்காங்களே. அழிச்சு முப்பத்தெட்டு கிலோமீட்டர்னு காட்டுது. யார்கிட்ட கொடுத்தீங்க?"

டீச்சர் யாரிடமும் கொடுக்கவில்லை. நேற்றுக் காலை வண்டிக்குள் உட்கார்ந்த வேறு ஆள் ஒருவர்தான். டீச்சர் ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தார். பட்டுத்துணி சுற்றினால் அந்தக் கருவி எப்படி இருக்கும் என்று மனசுக்குள் சுற்றிப் பார்த்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இந்த மாதிரி சென்சார் போன கார் இப்ப நிறைய வருதா?" என்று கேட்டார்.

"பழைய கார் விக்கறாரே, அவர்கிட்டேர்ந்து வருது. இந்த மாசம் மட்டும் ஒன்பது. போட்டுக் கொடுத்தேன். எங்கேர்ந்து உங்களுக்கு மட்டும் இப்படி வருதுன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல." ஒயர் கையைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "கேட்டிருக்கணும்."

சாயங்காலம் புது சென்சார் மாட்டியதும் கார் பழையபடி சொன்ன பேச்சைக் கேட்டது. கணவர் கேட்கவில்லை.

"சரி, சென்சார் போச்சு. ஏன் போச்சு? அதுக்கு ஐயா பதில் சொல்றாரு. உன் ஒயர் சொல்வானா?"

"பழசாச்சு, போச்சுங்க. உங்க தையல் மெஷின் ஊசி உடைஞ்சா யார் கண் பட்டுச்சுன்னு கேப்பீங்களா?"

"ஊசி வேற, கார் வேற. ஐயா பெட்டி வழியா சக்தி பாயுது. அவ்வளவுதான் விஷயம்."

"சக்தி பாயறதுக்கு ஃபியூஸ் வேணுமா?" என்று அமைதியாகக் கேட்டார் ஒயர். கணவருக்குக் கேள்வியே புரியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூவரும் காலி மனைக்குப் போனார்கள். போவதற்கு முன்னால் கணவரின் கண்ணெதிரிலேயே ஒயர் இரண்டு வேலை செய்தார். புது சென்சாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்; கொஞ்ச நேரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு சிகரெட் லைட்டருக்கான ஃபியூஸ், விரல் நகம் அளவு, அதையும் உருவி டீச்சர் கையில் கொடுத்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சொருகுவாய்க்கும் அதே ஃபியூஸ்தான். கார் ஓடும். சொருகுகிற பெட்டிக்கு மட்டும் உயிர் இருக்காது.

"ஐயா சக்தி உண்மைன்னா இந்தத் தம்மாத்துண்டு இல்லாமலும் அணையணும். சரிதானே?" என்றார் டீச்சர்.

"அணையும்," என்றார் கணவர். குரலில் தையல் கொஞ்சம் விட்டிருந்தது.

டீச்சரைப் பார்த்ததும் ஐயா பத்திரம் வந்துவிட்டது என்று நினைத்து முகம் மலர்ந்தார். "கடைசியா ஒரு தடவை அணைச்சுக் கொடுங்க ஐயா. நிம்மதியா வித்துடறேன்," என்றார் டீச்சர். பக்கத்து மனையிலிருந்து தியாகியும் பேனாவோடு வந்து நின்றார்.

ஐயா பெட்டியைச் சொருகினார். போர்வை மூடியது. முனகல் ஆரம்பித்தது. சற்று நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து, செல்போன் 'இணைப்பு இல்லை' என்று சொல்வது போல, 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வந்தது. முனகல் கூடியது. மறுபடி 'டொய்ங்'. ஐயா ராகத்தை மாற்றினார். 'டொய்ங், டொய்ங்.' வெல்வெட்டுக்குள் ஒரு முழங்கை அல்லாடியது. பெட்டியைப் பிடுங்கி மறுபடி குத்தும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வெயில் வேறு. கால் மணி நேரம் கழித்து, குளித்தவர் போல வெளியே வந்தார்.

"இந்த வண்டிக்குள்ள செத்தவன் ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். என் சக்தியையே தடுக்கறான். இவன் போன தடவை வந்தவன் இல்ல."

"எங்க உட்கார்ந்திருக்கான் ஐயா?" என்றார் டீச்சர்.

"இன்ஜினுக்குள்ள."

ஒயர் பானட்டைத் திறந்தார். தொங்கிக்கொண்டிருந்த பிளக்கை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார். "செத்தவன் இவன்தான். காலையில நான் கழட்டினேன். டீச்சர் வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு பார்த்தாரு."

கூட்டம் கணவரைப் பார்த்தது. கணவர் தரையைப் பார்த்தார்.

டீச்சர் உள்ளங்கையைத் திறந்து ஃபியூஸைக் காட்டினார். பிறகு அதை அதன் இடத்தில் மாட்டினார். ஒயர் தன் கருவியைச் சொருகி, செல்போனைக் கணவர் கையில் கொடுத்தார்.

"அண்ணே, மந்திரம் ஏதாவது தெரியுமா?"

"தெரியாது."

"பரவாயில்ல. 'அழி'ன்னு இருக்கு பாருங்க, அதை அமுக்குங்க."

சீட் கவர் தைப்பவர் அமுக்கினார். டீச்சர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். மஞ்சள் விளக்கு இல்லை. போர்வை இல்லை, முனகல் இல்லை, விளக்கும் இல்லை.

"இதுதான் ஐயா செய்யறது. இப்ப இருங்க, பாருங்க," என்றார் ஒயர். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் ஆனது. விளக்கு மறுபடி எரிந்தது. "கோளாறு அங்கேயே இருக்கு. வண்டி எழுதினதை இவர் அழிக்கறாரு, அவ்வளவுதான். வண்டி திரும்ப எழுதுது." வண்டியை அணைத்து, பிளக்கை மாட்டினார். கணவர் மறுபடி அமுக்கினார். இந்த முறை கால் மணி நேரம் ஓடியும் விளக்கு எரியவில்லை.

பேக்கரிக்காரர் வரிசைக் கயிற்றைக் கையில் பிடித்தபடியே முன்னால் வந்தார்.

"அப்ப என் வேன்?"

"வெள்ளை வேன், பின்கதவுல ரொட்டி படம் அழிச்ச தடம் இருக்குமே, அதுவா?" என்றார் ஒயர். "நான்தான் சென்சார் போட்டேன். பக்கத்து மனையிலதான் நிக்குது. 'நல்ல கண்டிஷன்'னு எழுதித் தொங்குது."

பேக்கரிக்காரர் கயிற்றைக் கீழே போட்டார். நேராகத் தியாகியிடம் போய்க் கையை நீட்டினார். தியாகி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தில் இன்னும் நாலைந்து பேர் பக்கத்து மனையை எட்டிப் பார்த்துத் தங்கள் வண்டிகளை அடையாளம் கண்டுகொண்டிருந்தார்கள். தியாகிக்குத் தியாகம் செய்ய உண்மையான சந்தர்ப்பம் அன்றுதான் வாய்த்தது. சாவிக்கொத்து மொத்தமும் கைமாறியது. தான் கொடுத்த பாதி விலையைத் திருப்பித் தர வேண்டும் என்று அவர் முணுமுணுத்ததை யாரும் காதில் வாங்கவில்லை.

இந்தச் சந்தடியில் ஐயாவைத் தேடினால், தரையில் ஸ்பார்க் பிளக் மாலை மட்டும் கிடந்தது. மருந்துக் கடைப் பக்கம் வெள்ளை அங்கி ஓடியதைச் சிலர் பார்த்திருக்கிறார்கள். தலைவலி மாத்திரைக்காக இருக்காது.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாகப் பேனாவை மூடியிருப்பேன். ஆனால் வரிசையில் ஏழாவதாக நின்ற ஒரு பெரியவர் மெதுவாக வந்து, கணவருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கைகளைக் குவித்தார்.

"நீங்க அமுக்கினதும் அணைஞ்சுதுங்களே. என் வண்டியையும் ஒரு தடவை தொட்டுடுங்க ஐயா."

அவருக்குப் பின்னால் இரண்டு பேர் வரிசையில் சேர்ந்துவிட்டார்கள். கணவர் அவர்களைப் பார்த்தார். தரையில் கிடந்த மாலையைப் பார்த்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. டீச்சர் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக் காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"விடும்மா, நான் சும்மா நின்னேன்," என்றார் கணவர்.

"நின்ன விதம் சரியில்ல. நேரா நர்ஸ் வீட்டுக்குப் போறோம். அவங்களை டெஸ்டுக்கு வரச் சொல்லி நீங்களே கெஞ்சணும்."

கார் குலுங்காமல் கிளம்பியது. காலி மனையில் கூட்டம் கலையவில்லை. ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்த ஐயா போலின்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே ஏமாறக் கூடாது. நிஜமான ஐயா எந்த ஊர்ல இருக்காருன்னு நல்லா விசாரிச்சுட்டுத்தான் போகணும்."

காருக்குள் ஏதாவது கெட்டுப்போனால் ஒரு மஞ்சள் விளக்காவது எரிகிறது. மனிதர் தலைக்கு அந்த வசதி இல்லை. அவரவர் தலையை அவரவரே அவ்வப்போது திறந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.